இருபத்தைந்து வயது எலும்பு



விடியற்காலை நான்கு மணிக்கே ஜொகூர் பாருவில் மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கி வரிசை கட்டிவிடுகின்றன. ஓட்டுகிறவர்களில் இளைஞர்கள் ஏராளம். எலும்புத் தேய்மானம் என்றால் அவர்களுக்குப் பாட்டியின் இடுப்புதான் நினைவுக்கு வரும்.

உண்மையில் எலும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது இளம் வயதில்தான். எலும்பு தன் முழு பலத்தை எட்டுவது முப்பது வயதையொட்டி. அதுவரை சேர்ந்ததை வைத்துத்தான் மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும். அந்தச் சேமிப்புக் காலத்தில் எச்.ஐ.வி. தொற்றி, மருந்தும் எடுக்காமல் இருந்தால் என்ன ஆகும்?

எலும்புக்குள் ஒருவகைச் செல்கள் பழையதை அரித்தெடுக்க, இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். கிருமியோடு ஓயாமல் மல்லுக்கட்டும் நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சில பொருள்கள், அரிக்கும் கூட்டத்தை முடுக்கிவிடுகின்றன. கட்டும் வேலை பின்தங்கிப்போகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. தொற்று ஏற்பட்டுச் சில மாதங்களே ஆன, மருந்தே தொடங்காத ஆண்களை ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள்; அந்த ஆண்களில் பலருக்கு அதற்குள்ளேயே எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது.

மருந்தும் எலும்பைக் கொஞ்சம் பாதிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் 2 முதல் 6 விழுக்காடு அடர்த்தி குறையலாம், பிறகு நிலைத்துவிடும். அதற்காகத் தள்ளிப்போடுவது பெரும் தவறு. 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்த ‘ஸ்டார்ட்’ ஆய்வு, உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் ஆபத்து 57 விழுக்காடு குறைந்ததை 2015-இல் காட்டியது. எச்.ஐ.வி. மருந்துகளில் ஒன்றான டெனோஃபோவிர் மாத்திரையால் எலும்பு தேய்ந்தால், அதைவிட எலும்புக்கு இதமான மாற்று மருந்தும் உண்டு. மருத்துவரைக் கேட்கலாம்.

எலும்பின் அடர்த்தியை அளக்க அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். மேசையில் மல்லாந்து படுத்தால், ஒரு கருவி இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் மேலே மெல்ல நகரும். ஊசி கிடையாது, பத்து, பதினைந்து நிமிட வேலை. எலும்புக்குச் சாப்பாடும் உதவும்; நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

இதற்கெல்லாம் முதலில் தொற்று இருப்பது தெரிய வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை ஜொகூருக்குப் புதிதல்ல. முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் அதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் இதுதான்; அது 2001-இல். இன்று அரசாங்க கிளினிக்கில் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அரைமணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடுகிறார்கள். மலேசியர்களுக்கு முதல்நிலை மருந்தும் இலவசம். ஆனாலும் வேலை போய்விடுமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் எத்தனையோ தம்பிகள் நாளைக் கடத்துகிறார்கள்.

கிளினிக் திறப்பது காலை எட்டு மணிக்கு. நான்கு மணிக்கே பாலம் ஏறுகிறவர் அதற்காக ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். போடச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.