தோட்டப் பிள்ளைகளின் கல்வியும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் நின்று புத்தி சொல்லும் வயதோ அனுபவமோ எங்களுக்கு இல்லை. நாங்கள் நால்வர், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள். நால்வரும் பதுளையைச் சூழ்ந்த தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். மிஷனார் நிறுவிய பாடசாலையில் காலையில் கீர்த்தனை பாடி, மாலையில் கோயிலில் தேவாரம் பாடி வளர்ந்தவர்கள். ஆகவே பிறர் செய்த உதவியின் பயன் எங்களுக்குத் தெரியும். அதன் குறையும் கொஞ்சம் தெரியும்.

பழைய கதையைச் சற்றே நினைவூட்டுவோம். கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. 1880களில் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த சாமுவேல் லாங்டன் பாதிரியார் ஊவாவில் கல்விப் பணியும் அனாதைச் சிறுவர் இல்லமும் நடத்தினார். மதம் பரப்பும் நோக்கம் அதில் இருந்தது, மறைப்பானேன்? ஆயினும், தோட்டத்துப் பிள்ளையைக் கொழுந்துக் கூடைக்கு உரிய பிள்ளையாகவே பலரும் கண்ட காலத்தில் அதன் கையில் சிலேட்டைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. பல இடங்களில் அதன் விளைவு ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஆரம்ப வகுப்புகளோடு முற்றுப்புள்ளி. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள்! நம் பாட்டனார் பலர் கைநாட்டு வைத்தது மூளை மந்தத்தால் அல்ல, ஐயா.

இன்று நிலைமை வேறு. பாடநூல்களை 1980 முதலும் சீருடைத் துணியை 1993 முதலும் அரசாங்கமே இலவசமாக வழங்கி வருகிறது. அப்படியிருக்க, நம்மைப் போன்ற சங்கங்களுக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது? ஆண்டுதோறும் அப்பியாசக் கொப்பிப் பொதிகள் கொடுக்கிறோம், புகைப்படம் எடுக்கிறோம். 2022இல் கடதாசி விலை ஏறியபோது அந்தப் பொதியின் அருமை தெரிந்தது. அதை நாங்கள் இகழ மாட்டோம். ஆனால் பொதி கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் மனம் நிறைவடைவதில்லை.

மீரியபெத்தையை எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் தங்கினார்கள். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் லொறி லொறியாகப் பொருள்கள் வந்து குவிந்தன. அந்த நல்ல மனத்தை மறக்கலாகாது. பின்பு பல குடும்பங்கள் மாகல்தெனியப் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டன. புது வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். லொறிகள் வந்த நாட்கள் சில. காத்திருந்ததோ ஏறக்குறைய இரண்டு வருஷம். அத்தனை காலமும் அந்தப் பிள்ளைகளுக்கும் பரீட்சைகள் வந்துகொண்டுதானே இருந்திருக்கும்!

பிறரைச் சொல்வதற்கு முன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்ற வருஷம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சனிக்கிழமை தோறும் கணித வகுப்பு நடத்துவதாக நாங்கள் நால்வரும் வாக்களித்தோம். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து ஆரம்பித்தோம். பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து வாரம் நன்றாக நடந்தது. பிறகு எங்கள் பரீட்சை வந்தது, போகாமல் விட்டோம். ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு தாய் எங்களைக் கண்டு நின்றார்.

"மூணு சனிக்கிழம புள்ளைங்க கொப்பிய வச்சிக்கிட்டு இருட்டுற மட்டும் ஒக்காந்திருந்துச்சுங்க தம்பி. வரமாட்டீங்கன்னா சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. எங்களுக்குப் பதில் வரவில்லை. வகுப்பை மறுபடி கூட்டியபோது பதினொருவர்தான் வந்தார்கள். மற்ற எண்மரில் இருவர் படிப்பையே விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எங்கள் வகுப்பு நின்றதனால்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் எங்களுக்குத் துணிவில்லை.

1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, சமூகம் ஒதுக்கிவைத்திருந்த மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ கிராமத்துக்குப் போனார். அங்கேயே தங்கி அவ்வூராரோடு சேர்ந்து உடலுழைப்புச் செய்தார்கள். அந்தச் சிரமதான முகாமிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. போனவர்களும் நம்மைப் போல மாணவர்களே. முகாமோடு முடித்துக்கொண்டு அவர்கள் வீடு திரும்பியிருந்தால் இன்று அவ்வூரின் பெயரை யார் அறிவார்?

ஆகவே செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பத்துத் தோட்டங்களுக்குப் பொதி என்பதைக் குறைத்து, ஒரே தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை விடாமல் பிடித்துக்கொள்வோம். கணிதத்தில் தவறியவர்களுக்கு உயர்தர வகுப்பின் வாசல் எவ்வளவு குறுகிவிடுகிறது என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். செலவு பெரிதல்ல: போய்வருவோருக்குப் பஸ் கட்டணம், வெண்கட்டி, மண்டபத்துக்கு இரண்டு நல்ல மின்விளக்கு, பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை தேநீரும் பணிசும். பெரியோர்கள் மன்னித்தால் இன்னொன்றும் சொல்வோம்: இவ்வாண்டு விழாவின் மாலைச் செலவிலேயே பாதி அடங்கிவிடும்.

இம்முறை நால்வர் போதாது. ஒருவருக்குப் பரீட்சை வந்தால் மற்றவர் போக வேண்டும். ஆகையால் பன்னிரண்டு பேர் தேவை. வாசலருகே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். முதல் நான்கு பெயர்கள் எங்களுடையவை. எந்தெந்தச் சனிக்கிழமை வர முடியும் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். வர முடியாத நாட்களையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள். அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.