அறிவித்த லட்சம்

படவேட்டுப் பெரியோர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஆரணிப் பக்கத்து நெசவாளத் தோழர்களே, தாய்மார்களே!

1980-இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே பயணத்தில், ஜனவரி 27 அன்று டெல்லியில், அந்த அலியோடு நான்கு சுற்று நின்று ஆடினார் ஒரு இந்தியர். அவர் பெயர் இந்தப் பந்தலில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கௌர் சிங்! பஞ்சாபில் சங்ரூர் மாவட்டம், கனால் குர்த் என்ற சின்னக் கிராமம். விவசாயக் குடும்பம். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் அவர் கையுறையே மாட்டினார். மற்றவர்கள் பள்ளிப் பருவத்தில் தொடங்கும் விளையாட்டை வாலிபம் முற்றிய பிறகு தொடங்கியவர், ஹெவிவெயிட்டில் நாட்டின் சாம்பியன் ஆனார். 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். அர்ஜுனா விருது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். அதோடு கையுறையைக் கழற்றினார்.

அலியோடு நின்றது காட்சிப் போட்டிதானே என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே! மூன்று முறை உலகப் பட்டம் வென்ற மனிதனின் இடது கை முகத்துக்கு நேரே பாய்ந்து வருகிறது. கண் இமைத்தால் அடுத்த குத்து. பின்வாங்கினால் கயிறு முதுகில் இடிக்கும். அந்த இடத்தில் நான்கு சுற்று கால் நகர்த்தி நிற்பது விளையாட்டா? நெஞ்சுரம் வேண்டாமா?

ஆனால் நான் இன்று பேச வந்தது அந்த நான்கு சுற்றைப் பற்றி அல்ல. அதற்குப் பிறகு அவர் ஆடிய நீண்ட சுற்றைப் பற்றி.

ஆசியத் தங்கத்துக்காகப் பஞ்சாப் அரசு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. கைதட்டல் விழுந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. பணம் வரவில்லை. அவர் ஊருக்குத் திரும்பி நிலத்தில் இறங்கி உழைத்தார். 2017-இல் இதயம் பழுதுபட்டு மருத்துவமனையில் படுத்தபோது, செலவுக்குத் தனியாரிடம் இரண்டு லட்சம் கடன் வாங்கினார் அந்த பத்மஸ்ரீ. அப்போதும் அந்த ஒரு லட்சம் வந்திருக்கவில்லை. 35 ஆண்டு, தோழர்களே!

வட்டிக் கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு ரூபாய் வட்டி, அதுவும் தனி வட்டி என்றே வையுங்கள். லட்சத்துக்கு வருஷம் பன்னிரண்டாயிரம். 35 வருஷத்துக்கு நான்கு லட்சத்து இருபதாயிரம். அசலும் சேர்த்தால் ஐந்து லட்சத்து இருபதாயிரம். இரண்டு லட்சத்துக்கு வட்டிக்காரன் வாசலில் நின்ற மனிதனுக்கு அரசாங்கம் ஐந்து லட்சத்துக்கு மேல் பாக்கி! யார் யாருக்குக் கடன்காரன்?

"அது முந்தைய ஆட்சி அறிவித்தது" என்பார்கள். அப்பன் வாங்கிய கடனைப் பிள்ளை அடைக்கும் ஊர் இது. கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த ரோஷம் வேண்டாமா? "ராணுவத்தில் பென்ஷன் உண்டே" என்பார்கள். பென்ஷன் அவர் துப்பாக்கி தூக்கியதற்கு. பரிசு அவர் குத்து வாங்கியதற்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விழுங்கக் கூடாது.

செய்தி நாடெங்கும் பரவிய பிறகுதான் உதவி ஓடி வந்தது. ராணுவம் கொடுத்தது, மத்திய விளையாட்டு அமைச்சகம் கொடுத்தது, நடிகர் ஷாருக் கானின் கிரிக்கெட் அணி கொடுத்தது. கொடுத்தவர்களை வணங்குகிறேன். ஆனால் சேர வேண்டிய பாக்கி வராமல், இரக்கம் மட்டும் வந்தால் அது நியாயமா? 2023-இல் பஞ்சாபின் பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவர் வாழ்க்கையைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று அவர் கண்ணை மூடினார்.

அவருக்கு முன்னால் ஹவா சிங் என்று ஒரு ராணுவ வீரர். 1966, 1970 என இரண்டு ஆசியப் போட்டிகளில் அடுத்தடுத்து ஹெவிவெயிட் தங்கம். பிறகு ஹரியானாவின் பிவானியில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தார். அந்த ஊர் இன்று குத்துச்சண்டைக்குப் பெயர்பெற்றதற்கு வேர் அவர்தான். அவருக்குத் துரோணாச்சாரியார் விருது அறிவித்தார்கள். விருது கைக்கு வரச் சில நாள் இருக்கும்போது, 2000 ஆகஸ்டில் இறந்துபோனார். இங்கேயும் தாமதம்! தங்கம் வாங்கும் கை உயிரோடு இருக்கும்போதே அதில் பணத்தை வைக்க இந்த நாட்டுக்கு ஏன் மனம் வருவதில்லை?

நம் பிள்ளைகள் கபடியில், சிலம்பத்தில், ஓட்டத்தில் ஜெயித்து வருகிறார்கள். மேடை போட்டுத் தொகை அறிவிக்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள். எந்த நாளில் வரும் என்று அந்த மேடையிலேயே கேளுங்கள். அறிவித்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். தவறினால் வட்டி சேர வேண்டும். அரசாணையில் அது எழுதப்பட வேண்டும். இதுதான் நம் கோரிக்கை. மனு மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் மேசையில் இருக்கிறது. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.