தொப்புள் வீக்கம்: எப்போது பொறுத்திருப்பது, எப்போது புறப்படுவது
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தாய் சேய் நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பிள்ளை அழும்போது தொப்புள் சிறு பந்துபோல வெளியே தள்ளுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். வைத்தியர்கள் இதைத் தொப்புள் குடலிறக்கம் என்பார்கள். தொப்புள்கொடி போய்வந்த துவாரம் பிறந்த பிறகு தானாகச் சுருங்கி மூட வேண்டும். சில பிள்ளைகளில் அது மூடச் சுணங்கும். மாதம் நிறையாமலோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளைகளில் இதைக் கூடுதலாகக் காணலாம்.

அழ, முக்க, இரும வெளியே வரும். நித்திரையானதும் உள்ளே போகும். விரலால் மெல்ல அமத்தினாலும் போய்விடும். பிள்ளைக்கு நோ இல்லை. பிள்ளை அழுவதால்தான் தொப்புள் தள்ளுகிறது. தொப்புள் தள்ளுவதால் பிள்ளை அழுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளில் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிவிடும். மூடாவிட்டால் ஒரு சிறிய சத்திரசிகிச்சை. அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

இனி, காசு வைத்துக் கட்டுகிற கதை. ரூபாய்க் குற்றியைத் துணியில் சுற்றித் தொப்புளில் வைத்து, பிளாஸ்டர் ஒட்டுகிறோம். அல்லது வயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம். மூத்தவர்கள் அன்பினால் செய்வது, குறை சொல்லவில்லை. ஆனால் துவாரம் மூடுவது காசினால் அல்ல, பிள்ளை வளர்வதனால். கட்டின இடம் வியர்த்து, தோல் அவிந்து, புண்ணாகிக் கிருமி பிடிக்கும். அதைவிட, கட்டி மூடிவைத்தால் உள்ளே நடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

என்ன நடக்கலாம்? மிக அரிதாக, வெளியே வந்த குடல் திரும்பிப் போக முடியாமல் துவாரத்தில் இறுகிக்கொள்ளும். துவாரம் பெரிதென்றால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். சிறிய துவாரத்திலும் இறுகலாம். இறுகினால் குடலுக்கு இரத்தம் போகாது. சில மணித்தியாலங்களில் குடல் பழுதாகத் தொடங்கும். வழமையாக மெதுவாக இருந்த வீக்கம் கல்லுப்போல இருக்கும், பிள்ளை அமைதியானாலும் உள்ளே போகாது, தொட்டால் வீரிட்டு அழும். தோல் சிவக்கும், பிறகு நீலம் பாயும் அல்லது கறுக்கும். சத்தி எடுக்கும், அது பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வயிறு ஊதும், மலம் போகாது. இவை எல்லாம் சேர்ந்து வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். வீக்கம் இறுகி உள்ளே போகாவிட்டால் அதுவே போதும், புறப்படுங்கள். கிளினிக் நாளுக்காகவோ விடியும்வரையோ காத்திருக்க வேண்டாம். பலமாக அமத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் பாலோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். எப்போது கடைசியாகப் பால் குடித்தது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னும் அரிதானது, வீக்கத்தின் மேல்தோல் புண்ணாகி வெடித்துக் குடல் வெளியே வருவது. அப்படியானால் கையால் உள்ளே தள்ளாமல், கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, மேலே சுத்தமான பொலித்தீன் சுற்றி, பிள்ளையைக் குளிராமல் பொத்திக்கொண்டு போங்கள்.

ஊருக்குத் திரும்பிய புதிதில் இரவில் பஸ் இருக்காது. உங்கள் ஒழுங்கையில் யாரிடம் ஓட்டோ, யாரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். சத்திரசிகிச்சை செய்யக்கூடிய வைத்தியசாலை எது என்பதையும் அறிந்து வையுங்கள். இடம்பெயர்வில் பிள்ளையின் பதிவேடு தொலைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரையும் பதியுங்கள்.

தொப்புள் தள்ளுவதோடு மஞ்சள் நிறமும் பல கிழமையாகப் போகாமல், மலச்சிக்கலும் இருந்து, பாலுக்கும் எழும்பாமல் பிள்ளை சோர்ந்து தூங்கினால் அது தைரொயிட் குறைபாடாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் சுணங்கினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

ஓரிடத்தில் ஒரு தாய் கேட்டார்: வீக்கம் தொப்புளில் இல்லை, கவட்டில் இருக்கிறது, அதற்கும் 5 வயதுவரை பொறுக்கலாமா என்று. பொறுக்கக் கூடாது. கவட்டிலோ விதைப்பையிலோ வருகிற குடலிறக்கம் தானாக மூடாது, கைக்குழந்தைகளில் அடிக்கடி இறுகும். அப்படி ஒரு வீக்கத்தைக் கண்டால் அந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள். இறுகியிருந்தால் அந்த நேரமே.