கிணற்றடி மின்சாரப் பலகை



பைக்காராவில் 1932-ம் வருஷத்திலும், மேட்டூரில் 1937-ம் வருஷத்திலும், பாபநாசத்தில் 1944-ம் வருஷத்திலும் நீரின் விசையினின்று மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அதன் பின்னர் தமிழ் நாட்டுக் கிராமங்களில் கவலை மாடுகளின் வேலையை மோட்டார் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. மாட்டுக்கு நோவு கண்டால் அது படுத்துவிடும். மோட்டாருக்கு வாயில்லை. அதற்கு வாயாக அமைந்தது கிணற்றடிச் சுவரிலுள்ள ஸ்விட்சுப் பலகையேயாகும். அவ்வாயை எவரும் கட்டலாகாது.

பலகையில் முக்கியமானவை மூன்று: மெயின் ஸ்விட்சு, பியூஸ், ஸ்டார்ட்டர். பியூஸ் கம்பி, ஒயர்களைக் காப்பது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ரிலே, மோட்டாரைக் காப்பது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. 5 குதிரைச்சக்தி மோட்டார் 415 வோல்ட்டில் முழுப் பளுவில் ஓடும்போது ஏறக்குறைய 7.5 ஆம்பியர் வாங்கும். நேரே கிளப்பும் சில விநாடிகளில் அதைப்போல் ஆறு மடங்கு வாங்கும். அதைத் தாங்கும்படியே பியூஸ் போடப்படுகிறது. ஓடும்போது மூன்று பேஸ்களில் ஒன்று அற்றுவிட்டால், மற்ற இரண்டிலும் சுமார் 13 ஆம்பியர் பாயும். அதற்குப் பியூஸ் உருகாது; மோட்டாரின் சுருளோ கருகும். ரிலேயிலுள்ள உலோகத் தகடு அவ்வுஷ்ணத்தால் வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆதலின், மோட்டாரின் பெயர்த்தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று பொறித்திருக்கிறதோ, நேரே கிளப்பும் ஸ்டார்ட்டரில் அதற்கே ரிலேயை நிறுத்தவேண்டும்.

பயிர் வாடும் வேளையில் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுவதைப் பொறாமல், அது விழாதபடி கயிற்றால் கட்டிவிட்டுப் போகும் குடியானவர் உண்டு. பியூஸ் போனால் கைக்கு அகப்பட்ட தடித்த கம்பியைச் சுற்றுவோரும் உண்டு. அன்று தண்ணீர் பாயும். மறு நாள் மோட்டார் எரிந்திருக்கும். சுருள் கட்டக் கூலி, தண்ணீரின்றிப் போன நாட்கள், சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தவணை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் வந்து சேரும். ஸ்டார்ட்டர் விழுந்தால், மூன்று பேஸும் வருகின்றனவா, பம்பு இறுகியிருக்கிறதா என்று பார்த்த பின்பே மறுபடி கிளப்பவேண்டும்.

பலகையை மழைச் சாரல் படாத சுவரில், மார்பளவு உயரத்தில் அமைக்கவேண்டும். ஒயர் நுழையும் துவாரங்களை அடைத்துவிடவேண்டும். இல்லையேல் எறும்பும் பல்லியும் உட்புகுந்து கான்டாக்டுகளின் நடுவே மாளும். திருகுகள் தளர்ந்திருந்தால் அவ்விடம் சூடேறிக் கருகும். நியூட்ரல் கம்பியில் பியூஸ் போடலாகாது.

எர்த் விஷயத்தில் சிக்கனம் கூடாது. மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் கம்பிகள் இருக்கவேண்டும். குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள நாகமுலாம் பூசிய குழாயை ஈரமான இடத்தில் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவரவேண்டும். ஒரு பேஸுக்கும் பூமிக்கும் நடுவே 240 வோல்ட் உண்டு. எர்த் அறுந்த ஸ்டார்ட்டர்ப் பெட்டியில் அம்மின்சாரம் கசிந்திருக்க, ஈரக் காலுடன் அதைத் தொடுபவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. அவர் வீட்டுத் தலைவராகவும் இருக்கலாம். பள்ளி விட்டு வந்து ஸ்விட்சுப் போடும் சிறுவனாகவும் இருக்கலாம்.

பெட்டியைத் திறக்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். பிறர் அறியாமல் மறுபடி போட்டுவிடுவதற்கு இடமிராது. பின்னர் டெஸ்ட் லாம்பினால் மூன்று முனைகளையும் சோதிக்கவேண்டும். அந்த லாம்பு எரிகிறதா என்று முன்னதாகவே மின்சாரமுள்ள இடத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். வெள்ளிக் கான்டாக்டுகளை அரத்தால் ராவுவதும், அவற்றுக்கு எண்ணெய் இடுவதும் தவறு. தூசியைத் துடைத்தால் போதும்.

இவற்றில் பெரும்பகுதி லைசென்சு பெற்ற ஒயர்மேன் செய்யவேண்டிய வேலை. ஒவ்வொருவரும் தனித்தனியே அவரை அழைப்பது செலவு. பத்து அங்கத்தினர் சேர்ந்து, கோடைக்கு முன் ஒரு நாள் அவரை அழைத்து எல்லாக் கிணறுகளையும் பார்க்கச் செய்தால் செலவு பங்கிடப்படும். சரியான அளவுள்ள பியூஸ் கம்பியை மொத்தமாக வாங்கிச் சங்கத்தில் வைத்திருந்தால், தடித்த கம்பியைத் தேடும் அவசியமும் ஒழியும். கடன் கொடுத்து மோட்டார் வாங்க உதவிய ஐக்கியம், அம்மோட்டாரையும் அதனருகே நிற்பவரையும் காக்கவும் உதவுமாக.