எலும்பு டொக்டரிடம் போகுமுன்



மடவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கண்டி பெரியாஸ்பத்திரி எலும்பு கிளினிக்குக்குப் போய்வந்தால் நமக்கு ஒரு பேர் போகிறது. அந்த நாளை வீணாக்கக் கூடாது. டொக்டர் நம்மைப் பார்ப்பது சில நிமிடம்தான். "முழங்கால் நோவு" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? எப்போது தொடங்கியது, மலையேறும்போதா, இறங்கும்போதா, கொழுந்தோடு நிற்கும்போதா, இரவில் தூக்கம் கெடுகிறதா என்று சொல்வோம். சிங்களத்தில் பேசத் தயங்கினால், படித்த பிள்ளையிடம் சொல்லி முதல்நாளே எழுதி எடுத்துப் போவோம்.

பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, சீனி, பிரஷர் மாத்திரைகள் எல்லாம் பையில் இருக்கட்டும். நாட்டு வைத்தியரிடம் பத்துப் போட்டதையும் மறைக்க வேண்டாம். ஏசினால் ஏசட்டும்.

வேலையில் விழுந்து அடிபட்டவர்கள் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: எந்தத் திகதி, எந்த மலை, எப்படி. "வீட்டில் வழுக்கியது என்று சொல்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நாம் நட்டஈடு கேட்கும்போது, டொக்டர் எழுதிவைத்த அந்த ஒரு வரி பெரிய சாட்சி. விபத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கும் தாமதிக்காமல் எழுத்தில் கொடுப்போம். அதன் பிரதி தோட்டத் தலைவரிடம் இருக்கட்டும்.