சத்தம் வருது, படம் வரலை

டிவி பழுது பார்ப்பதுதான் என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான்: "சத்தம் வருது, படம் வரலை." நாங்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே யாராவது, "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எல்.ஈ.டி. டிவி என்று நாம் வாங்குவதில் படம் காட்டும் கண்ணாடிக்கு, அதாவது பேனலுக்கு, சொந்த வெளிச்சம் கிடையாது. அதற்குள் இருக்கும் திரவப் படிகம், பின்னாலிருந்து வரும் ஒளியை விடும் அல்லது மறிக்கும். ஒளி தருவது பேக்லைட் ஸ்ட்ரிப். பட்டை பட்டையாக ஒட்டிய சின்ன எல்.ஈ.டி. பல்புகள். கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் செட் மாதிரி இவையும் வரிசையாகக் கோத்தவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசையே அணைந்துபோகும். சில டிவிகளில் ஆன் செய்ததும் ஒரு விநாடி படம் தெரிந்து மறையும். பழுதைக் கண்டதும் போர்டு தானே பேக்லைட்டை நிறுத்திக்கொள்வதால் அப்படி.

இதை நீங்களே சோதிக்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியை ஓடவிடுங்கள். டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக ஆட்கள் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பழுது பேக்லைட் பக்கம்தான்.

ஒரு பாட்டி வீட்டில் இப்படித்தான். புது டிவி வாங்க வசதியில்லாமல், சீரியலைச் சத்தத்தை வைத்தே கேட்டுக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துக் காட்டினேன். "அட, உள்ளே ஆள் நடமாடுது தம்பி!" என்றார். ஸ்ட்ரிப் மாற்றியதும் படம் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை இல்லை.

ஆனால் டார்ச் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் நேயர்களே, பின்பக்கத்தைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பேனலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதன் ஓரத்தில் காகிதம் போல மெல்லிய ரிப்பன்கள் இருக்கின்றன. ஒன்று கிழிந்தாலும் நல்ல பேனல் வீணாகிவிடும்.

படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறதா? பல்பின் மேல் ஒட்டிய லென்ஸ் விழுந்திருக்கும், திரும்ப ஒட்டிவிடலாம். படம் முழுக்க நீலம் பாய்ந்திருந்தால் பல்பின் மேல்பூச்சு தேய்ந்திருக்கும், ஸ்ட்ரிப் மாற்றினால் சரியாகும். கோடு விழுந்தால் ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறங்கள். மெனுவின் மேலும் கோடு ஓடினால் பழுது டிவிக்குள்ளே. மெனு சுத்தமாக இருந்தால் செட்டாப் பாக்ஸையும் கேபிளையும் பாருங்கள். மை கொட்டியது போல் கறை பரவியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதற்குச் செலவழிப்பதில் பயனில்லை.

இன்னொன்று, திரையில் நேராகத் தண்ணீர் தெளித்துத் துடைக்காதீர்கள். கீழ் ஓரத்தில் இறங்கினால் அந்த ரிப்பன்கள்தான் கெடும். துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

நேரம் முடியப்போகிறது. செட்டிங்ஸில் பேக்லைட்டைப் பாதியளவுக்குக் குறைத்து வையுங்கள், பல்புகள் கூடுதல் காலம் உழைக்கும். பழுதானால் ஒரு பல்பை மட்டும் மாற்றாமல் ஸ்ட்ரிப்பை முழு செட்டாக மாற்றித் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். இல்லையென்றால் பழைய பல்புகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இன்று இரவே உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூலையில் கிடக்கும் டிவிக்கு டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். பார்க்காமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.