புள்ளிக் கணக்கு தெரிந்தவர்களுக்குக் கணினி பார்டர் பெரிய காரியமில்லை
(கூட்டமைப்பின் பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம்னு பத்திரிகை இல்லாத வீடு கிடையாது. இப்போ பாதிப் பேர் செல்போனிலேயே அனுப்பிடறாங்க. அதைச் செய்து கொடுக்கும் வேலை நம்ம குழுக்களுக்கு வரணும். அதுக்கு முதலில் கைவர வேண்டியது பார்டர், அதாவது பக்கத்தைச் சுற்றி வரும் கரை.

இன்டர்நெட்டில் கிடைக்கிற பார்டரை எடுத்துப் போட்டால் என்னன்னு கேட்பீங்க. கோலம் நம்ம எல்லோருக்கும் பொது. ஆனால் ஒருத்தர் வரைந்து வெளியிட்ட படம் அவருக்குச் சொந்தம். 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் அதைத்தான் சொல்லுது. காசு வாங்கிச் செய்யும் வேலையில் அது வம்பு. நம்ம வாசல்லயே தினம் ஒரு பார்டர் போடுறோம். அதை விட்டுட்டு யாரோ வரைந்த ரோஜாப்பூவை ஏன் தேடணும்?

மாதிரிக்கு வெளியே போக வேண்டாம். நம்ம சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தைப் பாருங்க. தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆள். ஒன்பதாம் நூற்றாண்டு பாண்டியர் காலத்துக் கை அது. அந்தத் தாமரை மொட்டைப் பார்த்து நீங்களே வரையுங்க. பக்கத்துக் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்தக் கரைக் கட்டத்தைப் பார்த்தாலும் பார்டர் எப்படி ஓடணும்னு புரியும்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். 'ஜிம்ப்' இலவசம். 1995-இல் அமெரிக்காவில் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கி வைத்தது. 2011 முதல் அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், ஓடுகிற நிலையில் இருந்தால், பழைய ஜிம்ப் அதிலேயே ஓடும்.

முதலில் வெள்ளைத்தாளில் கருப்புப் பேனாவால் கோலத்தின் ஒரு துண்டு மட்டும் போடுங்க. வலது ஓரக் கோடு எந்த உயரத்தில் முடியுதோ, இடது ஓரம் அதே உயரத்தில் தொடங்கணும். இல்லேன்னா துண்டுகளைச் சேர்க்கும்போது படி வைத்த மாதிரி தெரியும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து படம் எடுங்க. ஜிம்ப்பில் 'த்ரெஷ்ஹோல்டு' கொடுத்தால் நிழல் போய் சுத்தக் கருப்பு வெள்ளை ஆகும். 'கலர் டு ஆல்ஃபா'வில் வெள்ளையைக் காட்டினால் தாள் மறைந்து கோடு மட்டும் நிற்கும்.

இனிதான் கணக்கு. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். பக்கவாட்டில் 10, 10 விட்டால் 190. இரண்டு மூலைக்கு 20, 20 போக மீதி 150. 15 மில்லி துண்டு சரியாகப் பத்து உட்காரும். உயரத்திலும் 10, 10 விட்டால்? மூலை போக 237 நிக்கும். 15-ஆல் வகுபடாது, கடைசித் துண்டு வெட்டுப்படும். புதுசா செய்றவங்க கண்டிப்பா இங்கேதான் தடுமாறுவாங்க. மேலேயும் கீழேயும் 16, 16 விடுங்க. மீதி 225, பதினைந்து துண்டு. புள்ளி எண்ணிக் கோலம் போடுறவங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்!

ஜிம்ப்பில் 300 தெளிவில் ஏ4 என்பது 2480-க்கு 3508 புள்ளி. அங்கேயும் புள்ளிதான் பாருங்க. 15 மில்லி துண்டு 177 புள்ளி. ஒரு மூலை வரைந்தால் போதும், 'ஃபிளிப்' கொடுத்து மற்ற மூன்றும் எடுக்கலாம். பக்கவாட்டுக்குத் துண்டை 90 டிகிரி திருப்புங்க. வேலைக் கோப்பை எக்ஸ்சிஎஃப் ஆக வையுங்க, நாளைக்கு நிறம் மாற்ற அதுதான் உதவும். அச்சுக்குப் பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அதனால 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க.

எழுத்தை ஜிம்ப்பில் அடிக்காதீங்க. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பார்டரைப் பின்னணிப் படமாக வைத்து மேலே தட்டச்சு செய்யுங்க. பெயரில் பிழை வந்தால் திருத்துவது சுலபம். பெயர்ப் பிழையோடு போன பத்திரிகைக்கு யாரும் காசு தர மாட்டாங்க.

நிறம் பற்றி ஒண்ணு சொல்லணும். பக்கம் சுற்றிக் கருப்புக் கட்டம் போட்டால் நம்ம ஊரில் அது கருமாதிக் காகிதம். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனால் பெரியவங்க கையால தொட மாட்டாங்க. சுப காரியத்துக்குக் காவி, மஞ்சள், அரக்கு. அதுலயும் பட்டையா நிறம் நிரப்பினா பிரிண்டர் மை தீர்ந்துபோகும், கோடாக விடுங்க.

குழுவின் லெட்டர்பேடு வேறு விஷயம். வங்கி மேனேஜருக்குப் போகிற கடிதத்தில் நாலு பக்கமும் கோலம் வேண்டாம், மேலே ஒரு வரி போதும். இடது ஓரம் 30 மில்லியாவது காலியாக இருக்கட்டும், பைலில் கோர்க்க ஓட்டை போடுவாங்க. கீழே தலைவி, செயலாளர், பொருளாளர் மூணு கையெழுத்துக்கும் சீலுக்கும் இடம் விடுங்க. வெளிறிய சாம்பல் கோடு ஜெராக்ஸில் வராது. அடர் நிறமே நல்லது.

அடுத்த முறை வரும்போது ஆளுக்கு ஒரு துண்டுக் கோலம் வரைந்து கொண்டு வாங்க. பென்சில் வேண்டாம், கருப்புப் பேனா. அளவு 15 சென்டிமீட்டர் சதுரமா இருக்கட்டும், பத்தில் ஒன்றாகச் சுருக்கிக்கலாம்.